ஆகாய யோகமா, பூமி யோகமா?

பொழுது விடியும் முன்பே மலையாள நாட்டு வலியசாலையில் ஒரு வீட்டு வாசலில் வரிசை நிற்கிறது என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? கோயில் விசேஷம் என்று நினைப்பீர்கள். இல்லையென்றால் புது டாக்டர் யாராவது கைராசியாக வந்திருக்கிறார் என்று நினைப்பீர்கள். இரண்டும் இல்லை. ஜனங்கள் டிவிக்குப் பிரஸ்னம் வைக்க, அதாவது சோழி உருட்டிக் குறி கேட்க, நின்றார்கள்.

சிரிக்காதீர்கள். நின்றவர்கள் எல்லாம் படித்தவர்கள். தலைமைச் செயலகத்தில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர் இருந்தார். பேங்க் மேனேஜர் கௌசிக் இருந்தார். கல்லூரியில் பௌதிகம் நடத்திய ஒரு மாமியும் இருந்தார். பௌதிக மாமிக்கு இது இரண்டாவது முறை. முதல் முறை அவர் முறை வருவதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். தெருவுக்குக் கேபிள் கொடுத்துக்கொண்டிருந்த ஜெயனுக்குத் துபாயிலிருந்து விசா வந்தது. அவன் கேபிளைச் சுருட்டி விற்றுவிட்டு விமானம் ஏறிவிட்டான். தெருவில் இருந்த டிவியெல்லாம் இருண்டு போயின. இனி இரண்டே வழி. மாடியில் டிஷ் வைத்து வானத்தில் இருக்கும் சாட்டிலைட்டிடம் படம் வாங்கலாம். இல்லாவிட்டால் கம்பி ஆன்டெனா வைத்துக் குடப்பனக்குன்னில் இருக்கும் அரசாங்க டிவிக் கோபுரத்திடம் வாங்கலாம். டிஷ்ஷில் சேனல் கொட்டிக் கிடக்கும், ஆனால் பெருமழை அடித்தால் படம் உறைந்து நிற்கும். கம்பியில் அரசாங்கச் சேனல் சிலதுதான் வரும், ஆனால் மழையை அது லட்சியம் செய்யாது, மாதச் சந்தாவும் இல்லை. எது வேண்டுமென்று வீட்டில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நம் ஊரில் பசுமாடு கன்று போடுமா என்பதற்கும் பிரஸ்னம், பையன் பரீட்சை எழுதலாமா என்பதற்கும் பிரஸ்னம். சோழி உருட்டாமல் முடிவெடுக்கச் சொன்னால் சிலருக்குக் கை நடுங்கிவிடும். அந்த நடுக்கத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் ஆகாய வாஸ்து ஆச்சார்யா ஜெயந்த்.

நெற்றி நிறையச் சந்தனம், கழுத்து நிறைய ருத்ராட்சம், வாசல் நிறைய ஃபிளெக்ஸ் போர்டு. 'டிஷ், ஆன்டெனா, வைஃபை தோஷங்களுக்குச் சாஸ்திரப்படி பரிகாரம்' என்று அதில் போட்டிருந்தது. எந்தச் சாஸ்திரத்தில் வைஃபை வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. இதற்கு முன் ஹிமாலயத்தில் இருந்தாராம். அதையும் யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு பாருங்கள்.

"சாட்டிலைட் எங்கே இருக்கு? ஆகாயத்தில். கிரகங்கள் எங்கே இருக்கு? அதும் ஆகாயத்தில். அப்போ டிஷ் வழியா சாட்டிலைட் மாத்ரம் இறங்குமோ? சனியும் கூட இறங்கும், கேட்டோ!" என்றார் ஆச்சார்யா.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சிலருக்கு ஆகாய யோகம். அவங்க டிஷ் வெக்கலாம். சிலருக்கு பூமி யோகம். அவங்க கம்பிதான் வெக்கணும். மாத்தி வெச்சா குடும்பம் குட்டிச்சுவர்!"

அவருடைய முறையையும் கேளுங்கள். முதலில் வீட்டுக்காரரின் நட்சத்திரத்தை விசாரிப்பார். பிறகு 'ஆகாயத்தைத் தொழணும்' என்று சொல்லி, ஸ்ரீஜித் என்கிற தன் ஆளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடி ஏறுவார். தொழுதுவிட்டு இறங்கி வந்துதான் சோழி உருட்டுவார். தெருவின் தெற்குச் சாரியில் சில வீடுகளில் பின்கட்டு மாமரம் வளர்ந்து மாடியையே மூடிக்கொண்டு நிற்கும். அங்கே டிஷ் வைத்தால் மாவிலையைத்தான் பார்க்கும். சொல்லிவைத்தாற்போல் அந்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் பூமி யோகம் விழுந்தது. மாமரத்துக்கு ஜாதகம் பார்த்திருந்தாலும் இதே பலன்தான் வந்திருக்கும்.

ஆகாய யோகம் விழுந்த வீடுகளில் சடங்கு இன்னும் பெரிது. ரோகிணிக்கு டிஷ் கிழக்கே பார்க்க வேண்டும், மகத்துக்கு மேற்கே, அனுஷத்துக்கு வடக்கே என்று நட்சத்திரத்துக்கு ஒரு திசை சொல்வார். சொன்ன திசையில் டிஷ்ஷைத் திருப்பிவைத்துப் பூப்போட்டு, குடும்பம் மொத்தத்தையும் பூஜையறையில் கண்ணை மூடி உட்காரச் சொல்லிவிடுவார். மாடியில் பட்டுத்துணி சுற்றிய ஒரு பித்தளைச் செப்பு இருக்கும். அதற்குக் 'கிரகச் செப்பு' என்று பெயர். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் டிஷ்ஷுக்குப் போகும். அதற்கு 'ஆகாய நாடி' என்று பெயர். ஸ்ரீஜித் டிஷ்ஷை இப்படியும் அப்படியும் அசைப்பான். சற்று நேரத்தில் செப்பு 'கீ...' என்று பாட ஆரம்பிக்கும்.

"கிரகம் கனிஞ்சாச்சு!" என்று மாடியிலிருந்து குரல் வரும்.

கீழே மாமிகளுக்குக் கண்ணீர் வரும். தட்டில் தட்சிணை விழும். டிவியில் படமும் வரும். டிஷ் மாட்டினால் படம் வராமல் புட்டும் கடலையுமா வரும்?

இப்படித் தெருவே கிரகங்களுடன் சமாதானமாகிக்கொண்டிருந்தபோது, தெருமுனை வீட்டில் மட்டும் ஒரு டிஷ் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது நாச்சியார் மெஸ். நாச்சியாரும் அவள் புருஷன் லிங்கமும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வெங்கடகிருஷ்ணன் என்பவரின் வீட்டை வாடகைக்கு எடுத்து, கீழே மெஸ்ஸும் மேலே குடித்தனமுமாக இருந்தார்கள். லிங்கம் சமைப்பான், நாச்சியார் பரிமாறுவாள், கணக்குப் பார்ப்பாள், அதட்டுவாள். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த தமிழ்ப் பையன்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவர்களுக்குத் தமிழ்ச் செய்தியும் நகைச்சுவைக் காட்சியும் வேண்டும். அதனால் ஜெயன் விமானம் ஏறிய மறுநாளே நாச்சியார் சாலை பஜாரில் ஒரு டிஷ் வாங்கிவிட்டாள். கடையிலிருந்து வந்த ஆள் மாட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். மந்திரமும் இல்லை, மாவிலையும் இல்லை.

இது ஆச்சார்யாவுக்கு உறுத்தியது. தானாகவே ஒருநாள் மெஸ்ஸுக்குள் வந்து நின்றார்.

"உங்க நட்சத்திரம் என்னம்மா?"

"எதுக்குங்க? எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போறீங்களா? அடுப்படியில ஒருத்தரு ஏற்கனவே நிக்காரு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். மோசடிக்காரன் திட்டைத் தாங்குவான், அடியைக்கூடத் தாங்குவான். சிரிப்பை மட்டும் தாங்க மாட்டான். ஆச்சார்யா முகம் சிவந்து வெளியேறினார்.

ஐப்பசியில் வரும் துலாமாத மழை அவருக்குக் கை கொடுத்தது. ஒரு சாயங்காலம் இடியும் மின்னலுமாக வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. சீரியலில் மருமகள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள், திறந்த வாய் திறந்தபடியே உறைந்து நின்றது. எல்லா ஆகாய யோகக்காரர்கள் வீட்டிலும் இதே கதை. பூமி யோகக்காரர்கள் மட்டும் அரசாங்கச் சேனலில் தென்னை மரத்துக்கு உரம் வைப்பதைப் பார்த்துக்கொண்டு, யோகம் என்றால் இதுவல்லவா யோகம் என்று பூரித்துப் போனார்கள்.

மறுநாள் கூட்டம் ஆச்சார்யா வாசலில் குமுறியது. அவர் சோழியை உருட்டினார், கண்ணை மூடினார், திறந்தார்.

"தெருமுனையில் அபிஷேகம் ஆகாத ஒரு டிஷ், கோயிலைப் பாத்து வாயைப் பிளந்துண்டு நிக்குது. கனிஞ்ச கிரகத்தையெல்லாம் அதுதான் விரட்டுது!"

அவ்வளவுதான். தெருவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒருவருக்கு முட்டி வலி வந்தது, ஒருவருடைய மகனுக்கு விசா மறுத்தார்கள், பௌதிக மாமி வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. எல்லாம் நாச்சியார் டிஷ்ஷின் வேலை. அந்த ஃபிரிட்ஜ் மாமியின் கல்யாணத்துக்கு வந்த சீர் என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

வெங்கடகிருஷ்ணன் நல்ல மனுஷர். நாச்சியாரின் அடைக்கு அவர் அடிமை. ஆனால் பயம் வந்துவிட்டால் நல்ல மனுஷரும் கெட்ட மனுஷரும் ஒன்றுதான். மெஸ்ஸுக்கு வந்து, நாச்சியார் முகத்தைப் பார்க்காமல் சாம்பார் வாளியைப் பார்த்துப் பேசினார்.

"நாச்சியார், தப்பா நெனச்சுக்கப்படாது. டிஷ்ஷைக் கழட்டினா மாத்ரம் போறாதாம். வெச்சவா கையோட தோஷமாக்கும். நீங்கோ இங்கே இருக்கற வரைக்கும் அது போகாதாம். அதனால இந்த மாசக் கடைசிக்குள்ளே..."

"காலி பண்ணணுமா சாமி?"

"நானா சொல்றேன்? சோழின்னா சொல்றது!"

"சோழிக்கா நாங்க மாசாமாசம் வாடகை குடுக்கோம்?"

அவர் சாம்பார் வாளியிடமே விடைபெற்றுக்கொண்டு போய்விட்டார். நாச்சியார் அதுவரை யாருக்கும் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்தாள். வேறு வீடு பிடிக்கலாம், ஆனால் மெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? தோஷக்காரி என்று பெயர் வாங்கியவளுக்கு இந்தப் பக்கத்தில் யார் கடை கொடுப்பார்கள்? அவள் கையில் இருந்த பிழைப்பே அது ஒன்றுதான். அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

"டிஷ்ஷக் கழட்டிட்டு அந்த ஆள் கால்ல விழுந்துருவமே" என்றான் லிங்கம்.

"விழுந்தா எந்திரிக்கவே விடமாட்டான்" என்றாள் நாச்சியார்.

மறுநாள் காலையில் வெயில் அடித்தது. அழுதாலும் வடகம் காயப்போட்டாக வேண்டும். மாடியில் துணியை விரித்துக் கூழை ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து முதுகை நீவினாள். அந்தத் தெருவில் இரண்டு மாடி உள்ள வீடு அது ஒன்றுதான். மற்றவர்கள் வீட்டு மொட்டைமாடியெல்லாம் அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். நாச்சியார் பார்த்தாள். நீவிய கை அப்படியே நின்றது.

"ஏங்க, இங்க வாங்க. அந்தா, அந்த டிஷ்ஷு யாரு வீட்டுது?"

"பௌதிக மாமி வீடு."

"மாமிக்கு மகம். மேக்க பாக்கணும்னு சொல்லித்தான வச்சாரு? ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாங்களே. இப்பம் எங்க பாக்கு?"

லிங்கம் கண்ணைச் சுருக்கினான். "தென்கிழக்கால, வானத்தப் பாத்து நிக்கி."

"அது?"

"கௌசிக் சார் வீடு. அவருக்கு அனுஷம், வடக்க பாக்கணும்."

"பாக்கா?"

"இல்ல. அதும் தென்கிழக்காலதான்."

"நம்ம தோஷம் பிடிச்ச டிஷ்ஷு?"

லிங்கம் திரும்பிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "எல்லாம் ஒண்ணுபோலத்தாம் பாக்கு. ஆனா இதச் சொன்னா யாரு கேப்பா?"

"சொன்னா கேக்க மாட்டாங்க. பாத்தா?"

அன்றைக்கே அவள் வெங்கடகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள். காலி செய்வதற்கு முன்னால் தெரு நன்மைக்காக ஆச்சார்யா கையால் ஒரு ஹோமம் நடக்கட்டும் என்றாள். தோஷம் இருப்பது மாடியில், அதனால் ஹோமத்தையும் மாடியிலேயே வைக்க வேண்டும், தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் வர வேண்டும், பானகமும் சுண்டலும் தன் செலவு என்றாள். ஆச்சார்யாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஒரே இடத்தில் மொத்தத் தெருவும், மொத்தத் தட்சிணையும்! பேராசைக்காரனுக்கு மேலே ஏறத் தெரியும். ஏறிய இடத்திலிருந்து என்னவெல்லாம் தெரியும் என்று பார்க்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மெஸ் மாடியில் நிற்க இடமில்லை. நடுவில் ஹோம குண்டம், பக்கத்தில் பட்டுத்துணி சுற்றிய செப்பு, அதன் பக்கத்தில் ஸ்ரீஜித். ஆச்சார்யா நெய்க் கரண்டியைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் நாச்சியார். "போறவ ஒரே ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போறேன். மாமி, உங்க டிஷ்ஷு எந்தத் திசை பாக்கணும்னு சொன்னாரு?"

"மகம்னா! மேக்கே."

"இங்கேருந்து நல்லாத் தெரியும். பாருங்க."

மாமி கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கௌசிக் சார், உங்களுக்கு வடக்கு இல்லியா? நீங்களும் பாருங்க. எல்லாருமே அவுங்கவுங்க வீட்டப் பாருங்க."

தெருவில் இத்தனை நாளும் ஒவ்வொருவரும் தம் தலைக்கு மேலே டிஷ் வைத்துக்கொண்டு டிவியை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். இப்போதுதான் டிஷ்ஷைப் பார்த்தார்கள். ரோகிணி, மகம், அனுஷம், பூராடம் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பதுபோல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"அது... வெக்கும்போது அந்தத் திசைதான். கிரகம் அமரும்போது தானே திரும்பும்" என்றார் ஆச்சார்யா.

"எல்லாக் கிரகமும் ஒரே எடத்துல வந்தா அமரும்? அங்க என்ன, தம்பானூர் பஸ் ஸ்டாண்டா?"

யாரோ சிரித்தார்கள்.

"இன்னொண்ணு" என்றாள் நாச்சியார். "எங்க டிஷ்ஷும் அங்கதான பாக்கு? இது தோஷம்னா உங்க எல்லாரோடதும் தோஷம். நாங்க காலி பண்ணணும்னா தெருவே சேந்து காலி பண்ணணும்."

"அன்னிக்கு மழையிலே படம் நின்னுதே, அது?" என்று கேட்டார் ஒருவர்.

"எங்களுக்கும்தான் நின்னுச்சு. பையன்க தட்டக் கையில வச்சிக்கிட்டு முழிச்சானுவ. எங்க தோஷம் எங்களையேவா பிடிக்கும்?"

ஆச்சார்யா குரலை உயர்த்தினார். "உங்க டிஷ்ஷில் கிரகம் இல்லை! வெறும் தகரம்!"

"அப்பம் உங்க செப்ப இதுல வச்சுப் பாருங்க. பாடாதுல்லா?"

"செப்பு தீட்டாயிடும்."

அதுவரை சும்மா நின்ற வெங்கடகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்தார். "பாடாதுன்னு அவ்வளவு நிச்சயம்னா, வெச்சுக் காட்டறதுக்கு என்ன? வெக்கட்டும்."

"வெக்கட்டும், வெக்கட்டும்!" என்றது கூட்டம். அற்புதம் பார்க்க வந்த கூட்டத்துக்கு எந்த அற்புதமும் சம்மதம்.

ஆச்சார்யா ஸ்ரீஜித்தைப் பார்த்தார். ஸ்ரீஜித் வானத்தைப் பார்த்தான். பிறகு நாச்சியார் டிஷ்ஷின் ஒயரைக் கழற்றிச் செப்போடு இணைத்தான்.

'கீ...' என்று பாடியது செப்பு. தெருவில் எந்த வீட்டிலும் அது இவ்வளவு உரக்கப் பாடியதில்லை.

நாச்சியார் லிங்கத்தைப் பார்த்தாள். லிங்கம் டிஷ்ஷை மேற்கே திருப்பினான். செப்பு ஊமையானது. வடக்கே திருப்பினான். ஊமை. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். 'கீ...'

"தள்ளுங்கோ, நான் பாக்கறேன்!" என்று பௌதிக மாமி முன்னால் வந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பரிசோதனை சொல்லிக்கொடுத்தவர், முதல் முறையாகத் தனக்காக ஒன்று செய்தார். திருப்பினார், ஊமை. திருப்பினார், பாட்டு. மாமியின் முகம் சிவந்தது. குனிந்து பட்டுத்துணியை உருவி, செப்பைத் திறந்தார். உள்ளே முள் ஆடுகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவி உட்கார்ந்திருந்தது.

"இதென்னடா?"

"மீட்டராணு மாமி" என்றான் ஸ்ரீஜித். "சிக்னல் நோக்கற மீட்டர். டிஷ் மெக்கானிக் எல்லார் கையிலும் உண்டு. சிக்னல் கிட்டினா 'கீ'ன்னு கரையும். பட்டுத்துணி மாத்ரம் ஆச்சார்யரோட வேலை."

"ஹிமாலயம்?"

"எந்து ஹிமாலயம்! நெய்யாற்றின்கரையில டிஷ் கடை நடத்தினாரு. வியாபாரம் இல்லாம பூட்டிப்போச்சு. ஏணி ஏறி நடு முதுகு ஒடியறது நான், தட்சிணை முழுக்க அவருக்கு. எனக்கும் மதியாயி, போதும்."

தெற்குச் சாரிக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ எங்களோட பூமி யோகம்?"

"அது மாமரமாணு, சாரே."

அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. மாடிப்படியை மறித்துக்கொண்டு கௌசிக் நின்றார். கடன் வசூலித்துப் பழகியவர். அன்று சாயங்காலத்துக்குள் தட்சிணையெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஃபிளெக்ஸ் போர்டும் இறங்கியது. ஆச்சார்யா இப்போது வேறு ஊரில் இன்டக்ஷன் அடுப்புக்கு அக்னி தோஷம் பார்ப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை நிற்கிறதாம்.

கூட்டம் சுண்டலைத் தின்றுவிட்டுக் கலைந்தது. வெங்கடகிருஷ்ணன் மட்டும் போகாமல் நின்றார். இந்தத் தடவை நாச்சியாரின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"பெரிய தப்பு பண்ணிட்டேன் நாச்சியார். மனசு ஆறலை. நீங்கோ எங்கேயும் போக வேண்டாம்னு உடனே சொல்லணும்னுதான் இருக்கு."

"சொல்லுங்க சாமி."

"இல்லே... இன்னிக்கு அஷ்டமியாக்கும். தோஷம் கழிக்க ஆகும், நல்ல வார்த்தை சொல்ல ஆகாது. நாளைக்கு நவமி. ரெண்டு நாள் பொறுத்துண்டேள்னா, தசமியன்னிக்குக் காலம்பற நல்ல முகூர்த்தத்துலே வந்து, வீட்டைக் காலி பண்ண வேண்டாம்னு முறையாச் சொல்லிடறேன்."

நாச்சியார் அவரையே பார்த்தாள். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"சாமி, எங்களப் போகச் சொன்னிகளே, அன்னிக்கு நாள் பாத்தா சொன்னிய? கெடுதல் பண்ண எல்லா நேரமும் நல்ல நேரம், நல்லது பண்ணத்தான் பஞ்சாங்கமா? டிஷ்ஷத் திருப்பினது போதும். கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்குல்லா, இனி அதக் கொஞ்சம் திருப்பி வையுங்க. உங்களுக்கும் படம் தெளிவா வரும்."